அண்ணாந்து பார்க்கிற வேலை

எங்கள் மலையிலிருந்து அமிர்தி வழியாக வேலூர் போகிற பஸ்ஸில் ஒருத்தர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் ஊர்க்காரர்தான். முறைக்கு எனக்கு மாமா. புளிய மரம் ஏறி உலுக்குவதில் எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் மகள் ஜமுனாமரத்தூரில் உண்டு உறைவிடப் பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கிறாள். நல்ல உயரம். போன வாரம் கீழே ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து ரெண்டு பேர் வந்து, அவளைச் சுவரோரம் நிறுத்தி, டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்களாம்.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இப்படி அளக்க மாட்டாங்கப்பா," என்றார். "கூடைப்பந்துன்றாங்க. சீட்டு இனாம், ஆஸ்டலு இனாம், சோறு இனாம்ன்றாங்க. ஒரு பந்துக்கா இத்தினி குடுப்பாங்க? நீ அங்கதான இருந்த. அது இன்னா வேல, எப்படி நடக்குதுன்னு சொல்லு."

மலை இறங்கும்வரை சொன்னேன். வளைவுகளில் குமட்டாமல் இருக்க அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியாது. அதனால் எழுதுகிறேன். அவருக்கு மட்டும் இல்லை. இந்த மலையில் உயரமான பிள்ளை வைத்திருக்கிற எல்லாருக்கும்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். அதற்குப் பிறகு போர்வெல் லாரியில் ஆந்திரா முழுக்கச் சுற்றினேன். குடகில் காப்பித் தோட்டம், திருப்பூரில் சாயப்பட்டறை, பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. எங்கேயும் ஒரு வருஷம் தாங்கியதில்லை. வேலை கஷ்டம் என்பதால் இல்லை, எனக்கு இருப்பு கொள்ளாது. மலைக்குக் கீழே ஒரு பெண்கள் கல்லூரியில் மார்க்கராகச் சேர்ந்தேன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, தரையைக் கூட்டுவது, பந்துக்குக் காற்றடிப்பது, வலை கட்டுவது இதெல்லாம் மார்க்கர் வேலை. அங்கேதான் அதிக நாள் இருந்தேன். காரணம் என் தங்கை.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர் இறங்குவார்கள், ஏழு பேர் பெஞ்சில் காத்திருப்பார்கள். ஆக ஒரு டீமுக்குப் பன்னிரண்டு. பத்துப் பத்து நிமிஷமாக நாலு கட்டம். பந்து நம் கைக்கு வந்தால் இருபத்துநாலு விநாடிக்குள் வளையத்தைப் பார்த்து எறிந்தாக வேண்டும். யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கவும் கூடாது, தரையில் தட்டிக்கொண்டேதான் போக வேண்டும். வளையம் பத்தடி உயரத்தில் இருக்கும். கிட்ட இருந்து போட்டால் ரெண்டு புள்ளி, வளைந்த கோட்டுக்கு வெளியே நின்று போட்டால் மூணு. இடித்தால், கையைப் பிடித்தால் ஃபவுல். ஐந்து ஃபவுல் வாங்கினவர் அன்றைக்கு மறுபடி இறங்க முடியாது. வளையத்துக்குக் கீழே பெயிண்ட் அடித்து ஒரு கட்டம் இருக்கும். பந்து நம் பக்கம் இருக்கும்போது எதிராளியின் வளையத்தடியில் அந்தக் கட்டத்துக்குள் மூணு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. போகலாம், வரலாம், குடியிருக்க முடியாது.

இதை முதல் தடவை சொன்னபோது எங்கம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தது. முறத்தை நிறுத்திவிட்டுக் கேட்டது.

"கூடையில பந்தப் போட்டா அப்புறம் யாரு எடுப்பா?"

"யாரும் எடுக்க வேணாம்மா. அடியில ஓட்ட. தானா விழுந்துடும்."

"அடியில்லாத கூடையா! அதுல போடறதுக்கா இத்தினி ஓட்டம் ஓடுதுங்க? நம்ம வூட்லயும் ரெண்டு கீது, எடுத்துகினு போடா, குடுத்து வேல வாங்கிகினு வா."

சிரிப்புதான். ஆனால் எறிகிற பந்தில் பாதிக்கு மேல் கூடைக்குள் போகவே போகாது. வளையத்திலோ பலகையிலோ பட்டுத் தெறித்துக் கீழே வரும். அப்படி வருகிற பந்தை ரீபவுண்டு என்பார்கள். அதை எந்தப் பக்கத்து ஆள் பிடிக்கிறாரோ அந்தப் பக்கத்துக்கு ஆட்டம் போகும். உயரமான பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக வருவது புள்ளி போடுவதற்கு இல்லை, இதற்குத்தான். வளையத்தடியில் கூட்டத்துக்குள் புகுந்து, முழங்கையை விரித்து, பின்னால் இருப்பவரை முதுகால் தள்ளி நிறுத்தி, அண்ணாந்து பார்த்துக்கொண்டு எகிற வேண்டும். சென்டர் என்று எடுக்கிற பிள்ளைக்கு முழு வேலையும் அவ்வளவுதான்.

இனி கல்லூரிக் கணக்கு. மே மாசம் டிரயல் வைப்பார்கள். ஓடவிட்டு, குதிக்கவிட்டு, ஆடவிட்டுப் பார்த்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுப்பார்கள். பீஸ் இல்லை, ஹாஸ்டல் இல்லை, மெஸ் இல்லை. அதாவது கட்ட வேண்டியதில்லை. பதிலுக்கு விடிகாலையிலும் சாயங்காலமும் பிராக்டீஸ். மேட்ச் நாளில் வகுப்புக்குப் போகாவிட்டாலும் வந்ததாகப் போட்டுக்கொள்வார்கள். கல்லூரிகளுக்குள் மண்டலப் போட்டி நடக்கும். ஜெயிக்கிற டீம் அடுத்த மண்டலத்தோடு மோதும். அங்கே கண்ணில் பட்டவர்களைப் பொறுக்கிப் பல்கலைக்கழக டீம் எடுப்பார்கள். அந்தச் சர்டிபிகேட் இருந்தால் ரயில்வேயிலோ போலீஸிலோ வேலை கிடைக்கும் என்று சொல்வார்கள். கிடைத்தவர்களும் உண்டு. கல்லூரிக்குக் கிடைப்பது கோப்பை, பேப்பரில் ஒரு போட்டோ, அடுத்த வருஷம் சேர வருகிறவர்களிடம் காட்டிக்கொள்ள ஒரு பெருமை.

அளக்க வருகிறவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. சீட்டு மூணு வருஷத்துக்குக் கொடுப்பது இல்லை. வருஷத்துக்கு வருஷம் பார்ப்பார்கள். பன்னிரண்டு பேரில் இருக்கிறவரைதான் சீட்டு.

என் தங்கை பன்னிரண்டாவது முடித்த வருஷம் நான்தான் அவளை நான் வேலை பார்த்த கல்லூரியின் டிரயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் அவள் உயரத்துக்கு ஆண்களே குறைவு. மலைக்கால், ஓட்டத்தில் மூச்சு வாங்காது. அந்தக் கல்லூரியில் விளையாட்டை நடத்துகிறவரை எல்லாரும் பி.டி. மேடம் என்பார்கள். அவர் இவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கு முன்னாடி ஆடியிருக்கியா?"

"ஸ்கூல்ல வளையம் இருந்திச்சுங்க மேடம். பந்து இல்லீங்க."

மேடம் சிரித்துவிட்டார். அன்றைக்கே எடுத்துக்கொண்டார்.

பிராக்டீஸ் ஆரம்பித்துக் கொஞ்ச நாளிலேயே கோளாறு தெரிந்தது. ஓடினாள், தட்டினாள், பாஸ் பண்ணினாள். ஆனால் யாராவது வளையத்தைப் பார்த்துப் பந்தை எறிந்த உடனே இவள் ரெண்டு எட்டுப் பின்னால் போய்த் தலையைக் குனிந்துகொள்வாள். பந்து தெறித்துத் தரையில் விழுந்த பிறகு ஓடிப் போய் எடுப்பாள். எடுப்பதில் வேகம் உண்டு, சந்தேகம் இல்லை. ஆனால் அதற்குள் தோள் உயரம் இருக்கிற பிள்ளைகூட எகிறிப் பிடித்திருக்கும்.

"ஏய், உள்ள போ! உள்ள போடி! வெளிய இன்னா பண்ற?" என்று மேடம் கத்துவார். இவள் போவாள். அடுத்த ஷாட்டுக்கு மறுபடி பின்னால்.

டீமில் பந்தைக் கொண்டுபோய்ப் பங்கு வைக்கிற பிள்ளை ஒன்று இருந்தது. மெட்ராஸ்காரி, குள்ளம், வாய் ஓயாது. "மேடம், இவளுக்கு ஒரு கூடை குடுத்துடுங்க, பொறுக்கிப் போட்டுக்கட்டும்," என்றது. எல்லாரும் சிரித்தார்கள். அது கேலிக்குச் சொன்னது, ஆனால் இவள் செய்ததும் புளி பொறுக்குவதைத்தான்.

புளி உலுக்கும்போது மரத்தில் இருக்கிறவர் சீழ்க்கை அடிப்பார். அடித்தால் கீழே இருக்கிற எல்லாரும் மரத்தடியை விட்டு விலகிவிட வேண்டும். தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். பழத்தோடு காய்ந்த குச்சி, சருகு, ஓடு, தூசு எல்லாம் வரும். கொட்டி முடிந்த பிறகுதான் உள்ளே போய்ப் பொறுக்குவது. எங்கள் வீட்டில் இதை வேறு யாரையும்விடக் கண்டிப்பாகச் சொல்லித்தான் வளர்த்தார்கள். எங்கம்மாவுக்கு இடது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் உலுக்கும்போது ஒரு தடவை அண்ணாந்து பார்த்தது. அவ்வளவுதான். ஆகவே நாங்கள் நடக்கப் பழகிய காலத்திலிருந்து, மேலே இருந்து எது வந்தாலும், "அண்ணாந்து பாக்காத! குனி!" என்று முதுகில் ஒரு அடி விழும். மேலே எதுவும் வராதபோதும் விழும்.

மேடத்திடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை.

"புரியுதுப்பா. ஆனா எனக்குப் பன்னெண்டு சீட்டுதான் குடுக்கிறாங்க. ரீபவுண்டு எடுக்காத சென்டர வெச்சுகினு நான் இன்னா பண்ணட்டும்? மண்டல மேட்ச் வரைக்கும் பாக்கறேன். அதுக்கப்புறம் பெரியவங்க கேட்டா என்கிட்ட பதில் இருக்கணும்."

அந்த மேட்ச் வரைக்கும்தான் அவள் படிப்பு என்று எங்கள் ரெண்டு பேருக்கும் புரிந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்தவள் அவள் ஒருத்திதான். கணக்கு அவளுக்கு நன்றாக வரும். கணக்கு டீச்சர் ஆக வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் நான் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தபோது வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போகணும்னுதாண்ணா நெனைக்கிறேன். கண்ணு தானா மூடிக்குது. முதுகுல அம்மா அடிக்கிற மாதிரியே கீது."

அதற்கு வழியை அவளே கண்டுபிடித்தாள். கல்லூரிக்குள் புதுக் கட்டடம் ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. டைல்ஸ் அறுக்கிறவர்கள் தூசுக்குப் போட்டுக்கொள்கிற பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றை அங்கே கேட்டு வாங்கிக்கொண்டு வந்து மாட்டிக்கொண்டாள். மெட்ராஸ்காரி பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தது.

"அடிப்பாவி, மோட்டார் சைக்கிள் எங்கடி நிறுத்தியிருக்க?"

"உன் தலைக்கு மேல," என்றாள் என் தங்கை. அவள் அங்கே வாய் திறந்து பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

கண்ணாடிக்குப் பின்னால் கண் மூடவில்லை. முதலில் நின்ற இடத்திலேயே அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் ஒரு எட்டு உள்ளே. அப்புறம் கூட்டத்துக்குள்ளேயே போனாள். பந்து நெற்றியில் விழுந்தது, மூக்கில் விழுந்தது, ஒரு நாள் உதடு கிழிந்தது. வேர்வையில் கண்ணாடி மங்கிப்போகும், துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கழற்றி என்னிடம் எறிந்தாள். அதற்குப் பிறகு அது தேவைப்படவில்லை. ஷாட் போன உடனே அவள் முகம் தானாக மேலே திரும்பியது. கை மேலே போனது. உடம்பு ஒன்றைக் கற்றுக்கொண்டால் அப்படித்தான். பழையதை வைத்த இடத்தில் புதியதை வைத்துக்கொள்கிறது.

மண்டல மேட்ச் வேறொரு கல்லூரியில் நடந்தது. பந்துப் பை தூக்கிக்கொண்டு நானும் போனேன். எங்கள் டீம் கடைசி மேட்ச்வரை வந்தது. வளையத்தடியில் விழுந்ததெல்லாம் இவள் கைக்குத்தான் போனது. மேடம் உட்காரவே இல்லை. மெட்ராஸ்காரி ஒவ்வொரு தடவையும் ஓடி வந்து இவள் இடுப்பில் குத்திவிட்டுப் போகும்.

கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒரு ஷாட் தவறி மேலே போனது. நாலைந்து பேர் எகிறினார்கள். இவள்தான் உயரமாகப் போனாள், ரெண்டு கையாலும் பிடித்தாள். இறங்கும்போது வலது கால் இன்னொரு பிள்ளையின் ஷூ மேல் இறங்கியது. முட்டி உள்பக்கமாகத் திரும்பியது. முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம் கேட்டது என்று அவள் பிறகு சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கீழே விழுந்தும் பந்தை விடவில்லை. நடுவர்தான் கையிலிருந்து பிரித்து எடுத்தார்.

எங்கள் டீம் ஜெயித்தது. கோப்பையோடு எடுத்த போட்டோவில் என் தங்கை நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். முட்டியில் ஐஸ் பை. எல்லாரும் நிற்க அவள் மட்டும் உட்கார்ந்திருப்பதால், அந்த ஒரு படத்தில்தான் அவள் குள்ளமாகத் தெரிவாள்.

ஸ்கேனுக்குக் கல்லூரி பணம் கட்டியது. முட்டிக்குள் நார் அறுந்திருக்கிறது என்றார் டாக்டர். "ஆபரேஷன் பண்ணா ஆடலாம், பண்ணலன்னா நடக்கலாம்." ஆபரேஷன் பண்ணினாலும் ஒரு வருஷம் போல மைதானத்தில் இறங்கக் கூடாது. அப்படியானால் எப்படிப் பார்த்தாலும் அடுத்த வருஷம் அவள் பன்னிரண்டில் இல்லை. இதை யாரும் எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கம்மா ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளவும் இல்லை.

பரீட்சை முடியும்வரை ஹாஸ்டலில் இருக்கவிட்டார்கள். நொண்டிக்கொண்டே எல்லாப் பரீட்சையும் எழுதினாள், எல்லாவற்றிலும் தேறினாள். மே மாசம் புது டிரயல். தரையைக் கூட்டி, கோட்டுக்குப் பெயிண்ட் அடித்து, வலை கட்டியது நான்தான். தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை வந்திருந்தது. என் தங்கையைவிட விரல் அகலம் உயரம். ஷாட் போன உடனே உள்ளே போனது.

மேடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "பீஸ் கட்டிப் படிக்கிறதுன்னா படிக்கட்டும்பா. நான் ஆபீஸ்ல சொல்றேன்." பீஸ் கட்டிப் படிப்பதாக இருந்தால் நாங்கள் ஏன் அவளை அளக்கவிட்டிருப்போம். அரசுக் கல்லூரி ஒன்றில் போய்க் கேட்டோம். முதல் வருஷத்திலிருந்து மறுபடி சேரச் சொன்னார்கள். கேட்டுக்கொண்டு வெளியே வந்தவள், "படிச்சதையே படிக்கவாண்ணா," என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மெட்ராஸ்காரி கொஞ்ச காலம் போன் பண்ணிக்கொண்டிருந்தது. நானும் அந்த வேலையை விட்டுவிட்டு மறுபடி போர்வெல் லாரியில் ஏறினேன்.

பஸ்ஸில் மாமாவிடம் சொன்னது இவ்வளவுதான். வேலூரில் இறங்கும்போது அவர், "அனுப்பலாமா வேணாமா, அத மட்டும் சொல்லலியேப்பா," என்றார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

நாலைந்து நாள் கழித்து எங்கள் மரத்தை உலுக்க அவரே வந்தார். எனக்கும் லாரி வேலை இல்லாத நேரம், வீட்டில் இருந்தேன். என் தங்கையால் குந்தி உட்கார முடியாது. மற்றப் பெண்கள் தரையில் உட்கார்ந்து ஓடு உடைக்க, அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கொட்டை எடுப்பாள். அன்றைக்குப் பொறுக்க ஆள் குறைவு. கூடையை எடுத்துக்கொண்டு அவளும் எழுந்து வந்தாள்.

மாமா மேலே போய்ச் சீழ்க்கை அடித்தார். எல்லாரும் விலகிக் குனிந்தோம். கிளை ஆடியது. கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே எங்கம்மாவின் குரல் கேட்டது. "குனிடி! ஐயோ, தலையக் குனிடி!"

திரும்பிப் பார்த்தேன். என் தங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். காலை அகட்டி, முழங்கையை விரித்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டு. பழம் நெற்றியிலும் தோளிலும் விழுந்துகொண்டிருந்தது. கண் இமைக்கவில்லை. அம்மா ஓடிப் போய்த் தலைமுடியைப் பிடித்துக் கீழே அமுக்கியது. அவள் குனிந்தாள். அம்மா கையை எடுத்ததும் முகம் மறுபடி மேலே போனது.

மாமா கிளையை விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"கண்ணுல எதுனா பட்டுச்சா?"

"இல்ல மாமா."

"தெரிஞ்சேவா நின்ன?"

"தெரியாமத்தான். சீழ்க்க அடிச்சா, மேலருந்து எதோ வருதுன்னு கால் தானா உள்ள போய்டுது." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவளாகவே கேட்டாள். "பாப்பாவ அளந்துட்டுப் போனாங்களாமே?"

"ஆமா. இன்னா பண்றதுன்னு தெரியல. நீ சொல்லு. அனுப்பலாமா?"

அவள் முட்டியைத் தடவிக்கொண்டாள்.

"எகிற சொல்லித் தருவாங்க மாமா. நல்லாவே சொல்லித் தருவாங்க. எறங்க யாரும் சொல்லித் தரல. அனுப்பறதுன்னா அதுக்கு முன்னாடி ஒருநா பாப்பாவ எங்க வூட்டுக்கு அனுப்புங்க."

மாமா மரத்தை அண்ணாந்து பார்த்தார். மேல் கிளைகள் ரெண்டு பாக்கி இருந்தன. எங்கம்மாவிடம் திரும்பினார்.

"அக்கா, இவள உள்ள கூட்டிகினு போ. இவ வெளிய இருந்தா நான் உலுக்க மாட்டேன்."

யாரும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. அவளே கூடையை வைத்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து வீட்டுக்குள் போனாள். மாமா மரத்தில் ஏறிக் கவட்டையில் கால் ஊன்றி நின்றுகொண்டு, கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்தார். அப்புறம்தான் சீழ்க்கை அடித்தார்.